பீளமேட்டில் ஒரு பி.பி. நம்பர்

எங்கள் வீதிக்கு எந்த இயந்திரமும் வீட்டுக்கு ஒன்றாக வந்து இறங்கியதில்லை. வீதிக்கு ஒன்றாகத்தான் வந்தது. கிரைண்டர் ஒரு வீட்டில், டி.வி. இன்னொரு வீட்டில், போன் வேறொரு வீட்டில். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் பீளமேட்டில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு பக்கம் அவினாசி ரோடு, இன்னொரு பக்கம் ரயில் பாதை. நடுவே மில் தொழிலாளர் வீடுகள், மோட்டார் பம்பு செய்யும் பட்டறைகள், பி.எஸ்.ஜி. கல்லூரிகளில் படிக்க வந்து அறை எடுத்துத் தங்கும் வெளியூர்ப் பிள்ளைகள். மில் சங்கு ஊதினால் மணி என்ன என்று கைக்கடிகாரம் கட்டாதவர்களுக்கும் தெரிந்துவிடும்.

கிரைண்டர் எங்கள் ஊரின் சொந்தப் பிள்ளை. 1955இல் கோவையில் பி. சபாபதி என்பவர் உருவாக்கியது. ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து குழவியைச் சுற்றிச் சுற்றித் தோள் இற்றுப்போன பெண்களுக்கு அது கொடுத்த ஓய்வை எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது. பின்னாளில் கோயமுத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றது.

எங்கள் வீதியில் முதலில் கிரைண்டர் வாங்கிய வீட்டு அம்மா, மற்ற வீடுகளுக்கு நாள் முறை வைத்திருந்தார். ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் போசியில் எடுத்துக்கொண்டு முறைப்படி போவோம். எந்த வீட்டில் எத்தனை ஆழாக்கு ஊறப் போட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அது குறைந்தாலும் தெரியும். மில்லில் வேலை நிறுத்தமோ ஆள் குறைப்போ வந்த மாதங்களில் சில வீடுகளின் அரிசி பாதியானது. அந்தப் போசிகளில் மட்டும் அரைத்த மாவுக்கு மேல் தன் வீட்டு மாவிலிருந்து இரண்டு கரண்டி வழித்துப் போட்டுத் தருவார். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. வாங்கிப் போனவர்களிடமும் சொன்னதில்லை. நானே அந்தப் போசிகளில் ஒன்றைத் தூக்கி வந்தவள் என்பது பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன் வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். அப்போது இணைப்புக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவருடைய எண்ணை வீதியே தன் எண்ணாக எல்லாருக்கும் கொடுத்து வைத்திருந்தது. கல்யாணப் பத்திரிகை, பள்ளி விண்ணப்பம், பட்டறை லெட்டர் பேடு எல்லாவற்றிலும் 0422க்குப் பக்கத்தில் அந்த எண்ணும், அதையொட்டி 'பி.பி.' என்ற இரண்டு எழுத்தும் இருக்கும். அழைத்தால் எடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரர், ஆளைக் கூப்பிட்டு விடுவார் என்பது அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் விளங்கும்.

மணி அடித்தால் வாத்தியார் எடுத்து, "பத்து நிமிசம் கழிச்சுக் கூப்பிடுங்க, பையனத் தாட்டி உடறேன்" என்பார். யாராவது ஒரு பையன் ஓடுவான். போன் வந்த வீட்டுக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து நிற்பதற்குள் வாத்தியார் வீட்டம்மா பிள்ளைகளையெல்லாம் பொடக்காளிப் பக்கம் கூட்டிப் போய்விடுவார். வாத்தியாரும் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். தங்கள் வீட்டுக் கூடத்தை, தங்கள் போனை, பேசி முடிக்கும்வரை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து வெளியே நிற்பார்கள். இதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நல்ல செய்தி வந்தால் பையன் ஓடுவான். கேதச் செய்தி வந்தால் வாத்தியார் பையனை அனுப்ப மாட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு அவரே நடப்பார். கூடவே அவர் வீட்டம்மாவும் வருவார். அந்த வீட்டில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, வீட்டில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வாய் திறப்பார். என் அம்மாவுக்கு அப்புச்சி போன செய்தி அப்படித்தான் வந்தது. அந்த அம்மா சொல்வதற்கு முன்பே என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு எஸ்.டி.டி. பூத் காலம் வந்தது. 1984இல் மத்திய அரசு சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியது, சாம் பிட்ரோடா அதற்கு முன்னின்றது, சிறு தொலைபேசி நிலையங்கள் உள்நாட்டிலேயே உருவானது எல்லாம் நாட்டின் கதை. எங்களுக்குத் தெரிந்தது பஸ் நிறுத்தத்துக்கு அருகே ஒரு நாள் முளைத்த மஞ்சள் பலகைதான். அந்த பூத்தை நடத்தியவர் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியவர். மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து பூத் உரிமம் வழங்கிய காலம் அது. எங்களுக்கெல்லாம் அவர் பூத் அண்ணன்.

கண்ணாடி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினால் தலைக்கு மேல் ஒரு சின்ன விசிறி சுற்றும். கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும், வினாடி ஒரு பக்கம், ரூபாய் ஒரு பக்கம். ஈரோட்டுக்குப் பேசும்போது மெதுவாக நகரும் ரூபாய் எண், பம்பாய்க்குப் பேசும்போது நெஞ்சு படபடக்க ஓடும். பேசி முடித்து வெளியே வந்தால் பில் இயந்திரம் கரகரவென்று ஒரு துண்டுத் தாளைத் துப்பும். பேசிய எண், தேதி, நேரம், எத்தனை வினாடி, எவ்வளவு ரூபாய் என்று அதில் எல்லாமே இருக்கும். சிலர் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். பலர் மேசையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அண்ணன் அந்தத் துண்டை எடுத்து நான்காகக் கிழித்துத்தான் கூடையில் போடுவார். கூட்டம் நெரியும் நேரத்திலும் கிழிக்காமல் ஒன்றைக்கூடப் போட்டதில்லை.

இரவு பதினோரு மணிக்கு மேல் கால் கட்டணம். விடுதிப் பிள்ளைகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். தேனி, தஞ்சாவூர், நாகர்கோவில் என்று எல்லா ஊர்ப் பேச்சும் அந்தக் கண்ணாடிக்குள் போய்வரும். பணம் போதாத பையனுக்கு, "நாளைக்குக் குடு கண்ணு" என்பார். தேர்வில் தவறியதை வீட்டில் சொல்ல முடியாமல் எண்ணை அழுத்துவதும் வைப்பதுமாக நின்ற ஒரு பெண்ணுக்கு டீ வாங்கி வரச் சொன்னார். எதற்கு அழுகிறாய் என்று கேட்கவில்லை.

ஒருநாள் எங்கள் வீதிப் பெரியவர் ஒருவர் வந்து, தம் மகள் யாருக்குப் பேசுகிறாள் என்று கேட்டார். நான் அடுத்த ஆளாக நின்றிருந்தேன். அண்ணன் எழுந்து நின்று, மரியாதை குறையாமல், "நானு மீட்டரத்தானுங்க பாக்கறன், பேச்சக் கேக்கறதில்லீங்க" என்றார். பெரியவர் குரலை உயர்த்தினார். அண்ணனும் அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னார், கொஞ்சமும் மாற்றாமல். அந்தப் பெண் பிறகு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்து வெளியூர் போனாள். அவள் பேசியது அதற்காகத்தானா, வேறு எதற்காகவாவதா என்று வீதிக்கு இன்றுவரை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

1998 பிப்ரவரி 14. சனிக்கிழமை பிற்பகலில் கோவை அடுத்தடுத்து வெடித்த குண்டுகளால் நிலைகுலைந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். கடைகள் அடைபட்டன, பஸ்கள் நின்றன. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் தவித்துக்கொண்டிருப்பார்களே என்ற வேதனை. பூத் அண்ணன் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்தார். லைன் கிடைப்பதே அரிதாக இருந்தது. "ஆளுக்கு ஒரு நிமிசம். உங்கூருக்கு லைன் கெடைச்சா பக்கத்து ஊர்ப் பையன் வீட்டுக்கும் சேதி சொல்லச் சொல்லுங்க" என்றார். திண்டுக்கல்லுக்குக் கிடைத்த ஒரு அழைப்பில் நான்கு வீடுகளுக்குச் செய்தி போனது. உக்கடத்தில் வீடு இருந்த ஒரு முஸ்லிம் மாணவர் கடைசியில் ஒதுங்கி நின்றார். அண்ணன் அவரைப் பெயர் சொல்லி முன்னால் அழைத்து, "அம்மா எப்படி இருக்காங்கன்னு மொதல்ல கேளு" என்று ரிசீவரைக் கையில் கொடுத்தார். அன்று பில் இயந்திரத்தில் தாள் ஓடியது; காசு யாரிடமும் வாங்கவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு ஏர்செல் தமிழ்நாட்டில் கைபேசிச் சேவையைத் தொடங்கியது. செங்கல் கனத்தில் கைபேசியை இடுப்பில் செருகியவர்களைக் கிராஸ் கட் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தோம். வரும் அழைப்புக்கும் காசு என்பதால் மணி அடித்தால் துண்டித்துவிட்டு பூத்துக்கு வந்து பேசியவர்களும் உண்டு. 2003இல் வரும் அழைப்பு இலவசமானது. பூத் வரிசை குறையத் தொடங்கியது. அண்ணன் ஜெராக்ஸ் போட்டார், ரீசார்ஜ் கூப்பன் விற்றார். பக்கத்திலேயே பிரவுசிங் சென்டர்கள் வந்தன. பிளஸ் டூ முடிவு வரும் நாளில் வீதியின் பதிவு எண்களை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வோம். பிறகு அதற்கும் தேவை இல்லாமல் போனது. 2016இல் ஜியோ வந்து இணையம் கைக்குக் கை நிறைந்தபோது மஞ்சள் பலகை ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது.

இந்த மாற்றத்தில் எங்களுக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல. துபாயில் இருக்கும் மகன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள் என் அக்கா. பேச்சை நடுவில் யாரும் கேட்க முடியாதபடி, வாட்ஸ்அப் 2016 ஏப்ரலிலிருந்து முழுப் பூட்டுப் போட்டிருக்கிறது. அதையெல்லாம் மறுத்துப் பேசுவது நன்றிகெட்டதனம். ஆனால் யார் யாரோடு, எந்த நேரத்தில், எங்கிருந்து பேசினோம் என்ற விவரம் அன்று ஒரு துண்டுத் தாளில் இருந்தது. அதை ஒருவர் எங்கள் கண்முன் கிழித்தார். இன்று அதே விவரம் எத்தனை இடங்களில் சேர்கிறது, எவ்வளவு காலம் கிடக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் என் அப்பாரு இரவு கரண்ட் வரும் நேரத்துக்கு எழுந்து, மூன்று செல் டார்ச்சை எடுத்துக்கொண்டு இட்டேரி வழியாகக் கிணற்று மோட்டார் போடப் போவார். பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க அடிக்கும் வெளிச்சம். அவர் எந்த வழியில் நடந்தார் என்பதை அந்த டார்ச் யாருக்கும் சொன்னதில்லை. 2013இல் அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. கைபேசியை டார்ச்சாக்கும் ஓர் இலவசச் செயலி, அதைப் பதிவிறக்கியவர்கள் இருக்கும் இடத்தையும் கைபேசியின் அடையாள எண்ணையும் அவர்கள் அறியாமலே விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்து வந்தது. அந்நாட்டு வணிக ஆணையம் அதைப் பிடித்தது. வெளிச்சம் தருவதற்கு நாம் நிற்கும் இடம் எதற்குத் தெரிய வேண்டும்? எந்தச் செயலியை இறக்கும்போதும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், பாதி அனுமதிகளுக்கு 'வேண்டாம்' என்று அழுத்திவிடலாம்.

பழைய வீதியில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஊர்க்கண் எல்லாருக்கும் நிழலாக இருந்ததில்லை. பெண்பிள்ளை சிரித்துப் பேசினாள் என்பதே செய்தியானது. எவ்வளவு படிப்புகள் அதனால் நின்றன என்று எங்களுக்குத் தெரியும். சாதி கடந்து விரும்பியவர்களுக்கு அந்தக் கண் உயிர் குடிக்கும் கண். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகே பட்டப்பகலில், சாதி மறுத்து மணந்த சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டதை இந்த மண் மறக்கக் கூடாது. அந்தரங்கம் பணக்காரர்களுக்கான சொகுசு என்று நினைப்பவர்கள் கொங்கு நாட்டுப் பெண்களிடம் கேட்டுப் பார்க்கட்டும். மீட்டரை மட்டும் பார்த்த ஒருவர் அவர்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்று சொல்வார்கள்.

இந்த அந்தரங்க உரிமைக்காக நீதிமன்றம் வரை போனதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம், தன்னைத் தொந்தரவு செய்யாமல் விடச் சொல்லும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்றது. பொது ஆவணங்களில் உள்ளதை எழுத இதழுக்கு உரிமை உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 1996 டிசம்பரில் தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில், வீட்டிலோ அலுவலகத்திலோ போனில் பேசும் பேச்சும் அந்தரங்கத்தில் சேர்ந்தது என்று தீர்ப்பானது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. எதற்காக ஒரு விவரத்தை வாங்கினார்களோ அந்த வேலை முடிந்தால் அதை அழித்துவிட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. எங்கள் பூத் அண்ணன் எந்தச் சட்டமும் இல்லாத காலத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இன்று பீளமேட்டுக்கு மேலே ஜி.டி. நாயுடு பெயர் தாங்கிய பத்து கிலோமீட்டர் மேம்பாலம் ஓடுகிறது. 2025 அக்டோபரில் திறந்தார்கள். இந்தியாவிலேயே முதல் மின் மோட்டார்களில் ஒன்றைச் செய்த மனிதரின் பெயர் அதற்குப் பொருத்தம்தான். மேலே கார்கள் சீறிப் போகின்றன. கீழே எங்கள் வீதியில் பாதி வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. எல்லா வீட்டிலும் கிரைண்டர் இருக்கிறது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது. மாவு அரைக்க யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற பெரியம்மா ஒருவருக்கு வீடியோ அழைப்பு வந்தது. காவல்துறைச் சீருடையில் ஒருவன். உங்கள் ஆதார் எண்ணில் சட்டவிரோதப் பார்சல் வந்திருக்கிறது, உங்களை 'டிஜிட்டல் கைது' செய்திருக்கிறோம், கேமராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று மிரட்டினான். அவர் பெயர், பிறந்த தேதி, மகன் வேலை செய்யும் ஊர் எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. காலையிலிருந்து அவர் அந்தத் திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். வங்கிச் சேமிப்பை மாற்றுவதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.

மாலையில் பூக்கார அக்கா வந்தார். அந்தப் பெரியம்மா தினமும் ஒரு முழம் வாங்குபவர். வாசலுக்கு வராமல் இருந்ததே இல்லை. கதவைத் தட்டினார், திறக்கவில்லை. போகாமல் நின்று மறுபடி மறுபடி தட்டினார். "அம்மா, ஒடம்புக்கு ஏனுங்? கதவத் தெறங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். சத்தம் கேட்டு நாங்கள் நான்கைந்து பேர் கூடினோம். கதவு திறந்தது. பெரியம்மாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது, மேசையில் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. பூக்கார அக்காவுக்கு டிஜிட்டல் கைது என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். பணம் தப்பியது.

அந்த மோசடிக்காரர்கள் எல்லாருக்கும் போடும் முதல் நிபந்தனை, பக்கத்தில் இருக்கும் யாரிடமும் சொல்லாதே என்பதுதான். நம் எண்ணும் பெயரும் பிறந்த தேதியும் அவர்கள் கையில் இருந்தாலும், கதவைத் தட்ட ஓர் ஆள் இருக்கிறவரை அவர்களால் வேலையை முடிக்க முடிவதில்லை. முகம் தெரியாதவர்களுக்கு நம்மைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது, எதிர்வீட்டுக்காரருக்கு நம் பெயர்கூடத் தெரியாது என்ற நிலை தலைகீழாக வேண்டும். அந்தரங்கத்தைக் காப்பது என்றால் கதவை அடைத்துக்கொள்வது அல்ல. யாருக்குத் திறப்பது என்பதை நாமே முடிவு செய்வது.

ஆகவே படிக்கும் உங்களிடம் சில வேண்டுகோள்கள். போனில் தேவையில்லாத அனுமதிகளை இன்றைக்கே உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். கடையில் பில் போடக் கைபேசி எண் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். கொடுக்காமலும் பொருள் வாங்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையின் படத்தை அவர்களைக் கேட்காமல் குழுவில் போடாதீர்கள். கேதச் செய்தியை முடிந்தால் நேரில் போய்ச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது என்று நாலு தடவை சொல்லி வையுங்கள். சைபர் மோசடிக்கு அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதற்குக் கீழே பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையும் எழுதுங்கள். அந்த எண் உங்களிடம் இல்லையென்றால், இன்று சாயங்காலமே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.